கமலநாதனுக்கு ஒரு பந்தி

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் இருபது வருடமாக விரிப்பு மடிக்கிறவள் மங்கலம். போன வருடம் கணவர் கமலநாதனின் முதலாவது திவசம் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. பத்துப் பேருக்குச் சமைத்தாள். ஒருவருக்கு ஷிப்ட், ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடம். ஒருவரும் வரவில்லை. மூன்று நாள் பிரிட்ஜில் கிடந்த சோறு குப்பைக்குப் போனது.

"வைகாசிப் பூரணைக்கு நாங்க ஒரு புத்த விகாரைக்கு நடந்து போவோம்க்கா," என்றாள் பக்கத்து வீட்டு வேதவல்லி. மலேசியாக்காரி, சீனரைக் கட்டியவள். "பிக்குகள் பதினொரு மணிக்கு ஒரே வேளைதான் சாப்பிடுவாங்க. எது கொடுத்தாலும் எடுத்துக்குவாங்க. அண்ணன் பேர்ல கொடுங்களேன்."

விகாரை என்றதும் மங்கலத்துக்கு ஊர்தான் நினைவுக்கு வந்தது. போர்க்காலத்தில் அங்கே விகாரைக்குப் பக்கத்தில் ஓர் இராணுவ முகாம் இருந்தது. அந்த வழியால் அவள் தலை நிமிர்ந்து போனதில்லை. ஆனாலும் அவருடைய திதியும் அதே பூரணைதான். யாராவது சாப்பிட வேண்டுமே.

"வாறன்," என்றாள்.

பூரணையன்று விடியமுன் எழும்பிச் சமைத்து, முதலில் காகத்துக்கென்று பின்மதிலில் சோறு வைத்தாள். சாம்பல் அணிலொன்று வந்து அள்ளித் தின்றுவிட்டுப் போனது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால், சந்தைக்குக் கொண்டுபோகும் சில்லு வைத்த பையில் சட்டிகளை அடுக்கிக்கொண்டு ஓடினாள்.

லண்டனுக்கு வெளியே, கென்ற் பக்கத்துச் சின்ன ஸ்டேஷனில் பதினான்கு பேர் இறங்கினார்கள். நடையில் பேசக்கூடாது, ஒருவரை விட்டு ஒருவர் போகக்கூடாது. பேசக் கூசுகிற மங்கலத்துக்கு அந்த விதி பெரிய ஆறுதல். பார்லி வயலுக்கு மேல் மூடுபனி பால் ஆடைபோலக் கிடந்தது. முன்னே போகிறவர்கள் அதற்குள் இடுப்பளவு கரைந்து, மறுபடி முழுதாய் வந்தார்கள். வேலி மரங்களிலிருந்து வெள்ளைப் பூ உதிர்ந்தது. பையின் சில்லுச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு காலடி, வலது காலைச் சற்று இழுத்து நடக்கும் கமலநாதனின் காலடி, கேட்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும் என்று அவள் திரும்பவில்லை.

ஒரு வயலோரத்தில் காகங்கள் இருந்தன. மங்கலம் நின்றாள். வாழையிலைத் துண்டில் சோறும் குழம்பும் குழைத்து வேலிக்கட்டையில் வைத்தாள்.

"அக்கா, நேரமாச்சுலா!" வேதவல்லி காதுக்குள் சொன்னாள்.

"காகம் தொடாமல் ஒருத்தருக்கும் குடுக்க ஏலாது."

"காலையில வச்சீங்கதானே?"

"அது அணில்."

"இது வெள்ளைக்காரக் காக்காக்கா, சோறு தெரியாது."

"பசி தெரியும்தானே?"

பதினான்கு பேரும் வாய் திறக்காமல் வேலிக்குப் பின்னால் நின்றார்கள். ஒரு காகம் வந்து சோற்றைக் கொத்த நாற்பது நிமிடம் ஆனது.

விகாரை ஒரு பழைய பண்ணை வீடு. மதில் இல்லை, காவல் இல்லை. வாசலில் ஒரு நாய் தூங்கியது. ஆனால் புல்வெளியில் கிடந்த மர வாங்கில் பிக்குகளின் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வயதான வெள்ளைக்காரப் பிக்கு ஒருவர் வந்து ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னதை வேதவல்லி தயங்கித் தயங்கித் தமிழாக்கினாள். "சாப்பிட்டு எழுந்துட்டா இனி நாளைக்குத்தானாம்க்கா."

மங்கலம் பையின் பிடியை விடவில்லை. "இந்த முறையும் அவருக்கு ஒருத்தரும் இல்லை," என்றாள் நிலத்தைப் பார்த்து.

என்ன சொல்கிறார் என்று பிக்கு கேட்டார். வேதவல்லி போன வருடத்துக் கதையையும் சேர்த்துச் சொன்னாள். அவர் குனிந்து பைக்குள் இருந்த சட்டிகளைப் பார்த்தார். பிறகு, நடந்து வந்தவர்கள் இன்னும் சாப்பிடவில்லையே என்றார். குசினியிலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்களையும் கூப்பிட்டார். அப்பிள் மரத்தடியில் பாய் விரித்தார்கள்.

"அவருடைய பெயர்?"

"கமலநாதன்."

பிக்கு அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பழகிவிட்டுப் பிரித் மந்திரம் ஓதினார். ஊரில், விகாரை ஒலிபெருக்கியில் மட்டுமே மங்கலம் கேட்டிருந்த ஓசை அது. ஒரு கிழவரின் தனித் தொண்டையில், நோயாளிக்குப் பக்கத்திலிருந்து பேசுவதுபோலக் கேட்டது.

பந்தியில் இருபது பேர். மங்கலம் ஓடி ஓடிப் பரிமாறினாள். மரநிழலும் வெயிலும் எல்லோருடைய தட்டிலும் அசைந்தன. ரப்பர் பூட்ஸ் போட்ட தோட்டக்காரர் கத்தரிக்காய்க் குழம்பை மூன்றாம் முறையும் கேட்டார்.

"உங்களுக்கு வச்சீங்களாக்கா?" என்றாள் வேதவல்லி.

"நான் பிறகு பாப்பன். அவையள் சாப்பிடட்டும்."

தோட்டக்காரர் தட்டை நீட்டியபடியே இருந்தார். மங்கலம் சட்டியைச் சரித்துப் பார்த்தாள். அடி தெரிந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

"ஃபினிஷ்ட்!" என்றாள் ஆங்கிலத்தில், நாய் எழும்பிப் பார்க்குமளவு சத்தமாக.