சுகிர்தா கலைத்துப் போட்ட மூன்று ஹார்ட்டிஸ்க்

கண்டி கட்டுகலையில் கறுப்பையா சேர் நடத்தும் டியூட்டரி என்ற தனியார் வகுப்புக்கு, ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ் ஏறி வந்து பிள்ளைகளின் பெயர் பதியும் வேலையில் சேர்ந்தவள் சுகிர்தா. எட்டு வருடத்தில் அங்கே கணினி என்று இருப்பதெல்லாம் அவள் பொறுப்பாகிவிட்டது. பழைய இயந்திரம் ஒன்றில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு, சேரின் இரசாயனவியல் வகுப்புகளை அதில் சேமித்து, கண்டிக்கு வந்து போக முடியாத தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பார்க்க வழி செய்தாள். எல்லாம் தானே தட்டித் தடவிக் கற்றது.

அப்படிப்பட்டவள் தலையில் போன வருடம் ஒரு பழி விழுந்தது.

சரஸ்வதி பூசைக்கு அந்த டியூட்டரியில் புத்தகம் மட்டும் வைப்பதில்லை. பாடம் எதில் இருக்கிறதோ அதுவும் புத்தகம்தான் என்பது சேரின் கட்சி. இயந்திரத்திலிருந்து மூன்று ஹார்ட்டிஸ்க்கையும் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்குவார். விஜயதசமி காலையில் தன் கையாலேயே திரும்ப மாட்டுவார். போன வருடமும் மாட்டினார். அன்று மாலை, பாடங்களை இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கிற மாதாந்த வேலை தானாக ஓடியது. முடிந்து பார்த்தால் ஐந்து வாரப் பாடத்தைக் காணோம். உயர்தரப் பரீட்சைக்கு ஆறே வாரம்!

நிறைந்த வகுப்பில் வைத்து, "பொறுப்பில்லாத புள்ள கையில குடுத்தா இப்பிடித்தான் ஆகும்" என்றார் சேர். வீட்டுக்குப் போகும் பஸ் திகனயைத் தாண்டும்வரை அவள் அழுதாள்.

அழுது முடித்ததும் ஆராயத் தொடங்கினாள். கோளாறு பெயரில் இருந்தது. இயந்திரம் விழிக்கும்போது முதலில் கண்ணில் படும் டிஸ்க்குக்கு ஒரு பெயர், அடுத்ததற்கு அடுத்த பெயர் என்று வைத்துக்கொண்டே போகிறது. வகுப்புக்கு முதலில் வந்து உட்காருகிறவன்தான் சுரேஸ் என்று வரவு இடாப்புக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? சேர் இடம் மாற்றி மாட்டியதில் பாட டிஸ்க்கின் பெயர் பிரதி டிஸ்க்குக்குப் போய்விட்டது. பழைய பிரதி புதுப் பாடத்தின் மேல் ஏறி, அதை அழித்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனால் அந்தப் பெயரை நம்பிக் கட்டளை எழுதியது தன் தவறு என்பதையும் அவள் மறைக்கவில்லை. சேரிடம் போய்ச் சொன்னாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் நமது அடையாள அட்டை இலக்கம் மாதிரி நீளமான இலக்கம் ஒன்று உண்டு. எங்கே மாட்டினாலும் அது மாறாது. கட்டளையில் இருந்த பழைய பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு அந்த இலக்கங்களை எழுதினாள். மூன்று டிஸ்க்கை ஆறு விதமாக மாற்றி மாட்டலாம். ஆளில்லாத ஒரு ஞாயிறு, வெற்று டிஸ்க் மூன்றை வைத்து ஆறு விதத்தையும் சோதித்துப் பார்த்தாள்.

இந்த வருடம் பூசை நெருங்கியதும் சேர், "ஹார்ட்டிஸ்க்க யாரும் தொட வேணாம். இன்னொரு தடவ பாடம் போச்சுன்னா மெஷின வெளியாளுகிட்ட ஒப்படைச்சுருவேன்" என்றார்.

"வழமை மாதிரியே பூசையில வைங்க சேர். பாடம் போனா நானும் வேலைய விட்டுப் போயிர்றேன்" என்றாள் சுகிர்தா.

விஜயதசமி காலை வகுப்பு நிறைந்திருந்தது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்த மூன்று டிஸ்க்கையும் எடுத்து, மேசையில் சீட்டுக் கலைப்பது போலக் கலைத்தாள். கமரா பிடிக்கும் அஜந்தன், "அக்கா, வெளையாடாதீங்க!" என்று பதறினான்.

"இப்ப எது எதுன்னு எனக்கே தெரியாது. எங்க வேணும்னாலும் மாட்டுங்க சேர்."

சேர் கைக்கு வந்தபடி மாட்டினார். இயந்திரம் விழித்ததும், மாலைவரை காத்திராமல் பிரதி வேலையை அவள் அங்கேயே ஓடவிட்டாள். திரையில் பெயர்கள் தாறுமாறாக மாறிக் கிடந்தன. ஆனால் பாடம் பாடத்தின் இடத்தில், பிரதி பிரதியின் இடத்தில்! நேற்று முன்தினப் பாடத்தைத் திறந்தாள். சேரின் குரல் கணீரென்று கேட்டது.

சேர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"போன வருசம் பாடம் அழிஞ்சதுக்கு நான் மாத்தி மாட்டினதுதான் காரணம். இந்தப் புள்ள சொல்லியும் நான் கேக்கல. நெறஞ்ச வகுப்புல ஏசுனேன். நெறஞ்ச வகுப்புலயே மன்னிப்புக் கேக்குறேன்."

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுகிர்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வருடமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

"சரி சேர், பாடத்த ஆரம்பிங்க" என்றாள். "பரீட்சைக்கு இன்னும் முப்பத்தொம்பது நாள்தான் இருக்கு."