தங்கப் படலமும் அண்ணனின் காய்ச்சலும்

எலிக்காய்ச்சலை முதல் இரண்டு மூன்று நாளிலேயே காட்டிக்கொடுக்கும் ஒரு கண்ணாடித் துண்டைச் செய்யத்தான் நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கிடந்தேன். கண்ணாடியின் மேல் மிக மெல்லிய தங்கப் படலம். அதன்மேல் தங்க நுண்துகள்கள். அதற்கும் மேலே ஓரணுக் கனமே உள்ள கிராபீன் என்ற கரிமப் படலம். கிருமியின் புரதம் அதில் ஒட்டினால், தங்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் கோணம் கொஞ்சம் விலகும். அந்த விலகலைத் தெளிவாகத் தெரியவைப்பதுதான் என் வேலை.

உப்புக் கரைசலில் எல்லாம் சரியாக வந்தது. கிராபீன் இட்ட பிறகு விலகல் இன்னும் கூடியது. இரத்தத்தை விட்டால்தான் குழப்பம். அதிலுள்ள மற்றப் புரதங்களும் போய் அப்பிக்கொள்ளும். நோயில்லாதவரின் இரத்தமும் நோயாளியுடையதைப் போலவே தெரியும்.

அந்த நோயில்லாதவர் என் அண்ணன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிறவர்.

"எடு புள்ள," என்று கையை நீட்டுவார். "என்ட ரத்தத்தில என்ன கிடக்கெண்டு உன்ட தங்கம் சொல்லட்டும்."

அந்தப் போகம் மழை விடவேயில்லை. வயல்வட்டை முழுக்க எலி மூத்திரம் கலந்த தண்ணீர். அண்ணன் வெறுங்காலோடு சேற்றில் நின்றுவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தார். அலுப்பு என்று பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டாராம். மூன்றாம் நாள்தான் அவருடைய பெண்சாதி, என் மச்சாள், எனக்குப் போன் எடுத்தா.

"கண் ரெண்டும் செவந்து கிடக்கு. கெண்டைக்கால் நோவில எழும்பவும் ஏலாதாம்."

எனக்கு விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடனே மருந்து ஏற்றினார்கள். ஆனால் டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று சொல்ல முடியவில்லை. வழக்கமான சோதனையில் தெரிய இன்னும் சில நாள் செல்லும்.

"நீங்க இதத்தானே ஆராயுறீங்க?" என்று டொக்டர் கேட்டார். "உங்கட கருவியில பார்க்க ஏலாதா?"

"ஏலாது டொக்டர். அது இன்னும் ரத்தத்தில வேலை செய்யாது."

சொன்னேனே தவிர மனம் கேட்கவில்லை. அண்ணனின் இரத்தத்தில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய் கருவியில் வைத்தேன். ஒளியின் கோணத்தைத் திரையில் காட்டும் கோடு விலகியது. முன்பு சுகமாக இருந்தபோது எடுத்த கோட்டையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. திரும்பவும் செய்தேன். அதேதான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது அண்ணன் கண்ணைத் திறந்து, "என்னவாம் புள்ள?" என்றார்.

"தெரியல்ல அண்ணன்."

அடுத்த நாள் அவருடைய சிறுநீரகங்கள் பழுதாயின. சிறுநீர் நின்றது. பிறகு மூச்சும் நின்றது. எலிக்காய்ச்சல்தான் என்ற முடிவு செத்தவீட்டுக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

நான் இப்போதும் அதே கண்ணாடியோடுதான் இருக்கிறேன். வேண்டாத புரதங்கள் ஒட்டாமலிருக்க மேலே இன்னொரு படலம் இட்டால், கிருமியின் விலகலும் சேர்ந்து மங்கிப்போகிறது. காலையில் ஆய்வுகூடக் கதவைத் திறக்கவே கை வருகுதில்லை.

இந்தப் போகம் மச்சாள்தான் வயலில் இறங்குகிறா. "எலிக்காய்ச்சல் வராம தடுப்பு மாத்திரை போடுறீங்களா?" என்று போனில் கேட்டேன்.

"ஓம், ஓம்," என்றா. போடவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.