நாலு பக்கமும் தண்ணீர்

சிஞோரா இன்று காலை போய்விட்டார்... ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய தங்கைதான் போன் எடுத்துச் சொன்னார்.

இத்தாலியில், போர்கோ வெக்கியோவில் நான் வீடு துடைத்துக் கொடுக்கும் ரிட்டயர்ட் புரொஃபெசர் அம்மா; 'சிஞோரா' என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு நானே டிரைவர்.

இடைக்காலத்துப் பிரபுக்கள் தங்கள் வீட்டைச் சுற்றி வெட்டிய அகழிகள், இப்போது மண் மூடி வயலாகக் கிடக்கின்றன. அவற்றைத் தேடுவதுதான் அவருக்குப் பைத்தியம்.

ஊரில் ஓ/எல் சோதனையில் சரித்திரப் பாடத்தைக் கோட்டை விட்ட ஆள் நான். முதல் நாளே, "அகழி எங்கை சிஞோரா?" என்று கேட்டேன்.

அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கட தமிழில் சொன்னால், "அதுக்கு மேலைதான் நிக்கிறாய்!"

மூடிய அகழியில் ஈரம் நிற்குமாம். அந்தக் கோட்டில் மட்டும் புல் செழித்து வளருமாம்.

அடுத்த கிழமை அதே வயலில், அவர் காருக்குள் கமெராவைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரே வரிசையில் தளதளவென்று காட்டுக்கீரை... விடுவேனா? ஒரு பை நிறையப் பிடுங்கிவிட்டேன். கறிக்கு.

"பாவி, நான் படமெடுக்க வந்ததையெல்லே பிடுங்கிப்போட்டாய்!"

திட்டினார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். போகும்போது பாதிக் கீரையை அவரே வாங்கிக்கொண்டார்.

அந்த வயல் இப்போது கைமாறிவிட்டது. நாளைக்கு மெஷின் வந்து ஆழ உழப்போகிறது. தொல்பொருள் இலாகாக் கந்தோருக்கு ஒரு தெளிவான படம் போனால் தடுக்கலாம் என்றார் சிஞோரா, போன கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி.

"மழை பெய்தால் வயலோரத்து மேட்டிலை ஏறிப் பார். நாலு பக்கமும் தண்ணி நிக்கவேணும். மூண்டு பக்கமெண்டால் வாய்க்கால் எண்டு சொல்லிப்போடுவாங்கள்."

இன்று மழை.

"செத்தவீட்டுக்குப் போகாமல் வயலுக்கோ போறியள்? விசரே உங்களுக்கு?" என்றார் மனைவி.

"பின்னேரம் அங்கை வாறன். இது அவ சொன்ன வேலையப்பா."

இப்போது மேட்டில் நிற்கிறேன். குடை காற்றோடு போய்விட்டது. மூன்று பக்கம் தண்ணீர் மினுங்குகிறது.

நாலாவது பக்கம் வெறும் சேறு... நான் கீரை பிடுங்கிய அதே பக்கம். போனில் சார்ஜும் முடியப்போகிறது.

மழை இன்னும் கூடுகிறது...

ஓம்... ஓம், நிற்கிறது! நூல் மாதிரித்தான். ஆனாலும் மூலைக்கு மூலை முட்டிவிட்டது.

படம் கீழே. கந்தோருக்கும் அனுப்பிவிட்டேன். ஆடியிருந்தால் காற்றுத்தான் காரணம், குறை நினைக்காதீர்கள்.

போயிட்டு வாங்கோ சிஞோரா. நாலு பக்கமும் நிண்டது.