பதினொன்றாவது இழை

லுங்கி மடிக்கிற தொழிலில் துணி கண்ணுக்குப் பழகுவதில்லை, விரலுக்குத்தான் பழகுகிறது. குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கம்பெனியில் முப்பது வருஷமாகத் துணியைத் தடவிப் பார்த்து, பழுது ஒதுக்கி, மடித்துக் கட்டுகிறேன். அதே கம்பெனி கேட்டில் சங்கக் கொடியும் பிடிக்கிறேன்.

நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலில், லேபிளிலிருந்து நெய்தவர் பேரை எடுத்தார்கள். இரண்டாவது, ஊர் பேரை எடுத்தார்கள். மூன்றாவது, லுங்கி என்கிற பேரையே எடுத்துவிட்டு வெளிநாட்டில் அதைப் பெண்கள் பாவாடை என்று விற்றார்கள். நான்காவது, எங்கள் பச்சைக் கட்ட டிசைனே தங்களுடையது என்று அந்த வெளிநாட்டுக்காரர்கள் பதிந்துகொண்டார்கள். ஐந்தாவது அநியாயம் நான் செய்தது. அது கடைசியில் வரும். இடுப்பில் லுங்கியோடு போய் எங்காவது ஒரு வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் அதுவரை பொறுத்திருப்பீர்கள் என்று தெரியும்.

சரசு எண்ணுகிற விதம்

எங்கள் ஷெட்டில் இருபத்திரண்டு கைத்தறிகள். காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் கேட்டில் நின்று இருபத்திரண்டு பேர்களையும் நான் உரக்கப் படிப்பேன். எவரையும் சத்தமில்லாமல் வேலையை விட்டு நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம் அது. பதினொன்றாவது பேர் சரசு.

பச்சைக் கட்டத்துக்கும் இருபத்திரண்டு இழைதான். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணி நெய்வார்கள். சரசு எங்கள் பட்டியலை முணுமுணுத்துக்கொண்டு நெய்வாள். ஒரு பேருக்கு ஒரு தடவை நாடா நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடும். தன் பேர் வந்ததும் வாய் தானாக "இருக்கேன்" என்று சொல்லிவிடும், அந்தப் பதிலுக்கும் நாடா ஒரு தடவை ஓடிவிடும். தறியின் கால்மிதியை மாற்றாமல் ஓடுவதால் அந்த இடத்தில் இழை இரட்டையாக விழும். பழுது என்று துணியை அவள் முன்னால் போட்டேன். அவள் தறியை நிறுத்தவே இல்லை.

"இன்னாண்ணா, கேட்டுல நீ கூப்ட்டா நான் பதில் சொல்லாமயா நிக்கறேன்? துணி மட்டும் ஊமையா இருக்கணுமா?"

ஆம்பூர் பொம்மை

சரசு மஞ்சள் காமாலையில் போய் இரண்டாவது வருஷம். ஆம்பூரில் பெரிய ரோட்டு ஓரம் தோல் சாமான் விற்கிற ஒரு ஷோரூம். கண்ணாடிக்குள் ஒரு பொம்மை எங்கள் பச்சைக் கட்டத்தைப் பாவாடையாகக் கட்டி, மேலே நாலு விரல் அகலத்துக்குத் தோல் பெல்ட் போட்டு நின்றது. நானும் அதே கட்டத்தில் லுங்கி கட்டியிருந்தேன். "லுங்கியோட உள்ள போகக் கூடாது பெரியவரே" என்றார் வாட்ச்மேன். பொம்மையைக் காட்டி, "அது மட்டும் எப்படிய்யா போச்சு?" என்று கேட்டேன். உள்ளே விற்பனைக்கு நிற்கிற நூர் என்கிற பெண் சிரித்துவிட்டு என்னை வரச்சொன்னாள்.

வெளிநாட்டு மில் துணி. மனுஷர் கை படாதது. இருந்தாலும் பழக்கத்தில் கட்டத்தின் மேல் விரலை ஓட்டினேன். பதினொன்றாவது இழையில் தடித்தது. அடுத்த கட்டத்திலும் தடித்தது, அதற்கடுத்ததிலும். எப்போதோ மாதிரிக்குப் போன சரசுவின் துணியை மிஷின் இழைக்கு இழை பார்த்துக் காப்பி எடுத்திருக்கிறது, பழுதையும் சேர்த்து. அது புரிந்தது. நூர் குரலைத் தணித்துச் சொன்னதுதான் இன்னும் புரியவில்லை.

"சிரிக்காதீங்க அங்கிள். இந்தப் பொம்மைய தெனம் ரோட்டப் பாத்து நிக்க வச்சுட்டுப் போறேன், காலைல வந்து தொறந்தா குடியாத்தம் பக்கம் திரும்பி நிக்குது. ஜாஸ்தி பேஜாராயிட்டேன்."

மேடம் திரும்பிய காலை

அந்தப் பாவாடையை விற்கிற வெளிநாட்டுக் கம்பெனி மேடம் எங்கள் ஷெட்டைப் பார்க்க வந்தார். கூட மொழிபெயர்க்க ஒரு பெண். மேடம் நல்ல மாதிரி, எல்லோருக்கும் கும்பிடு போட்டார். இந்தியத் துணி என்றால் உயிராம். அந்தப் பச்சைக் கட்டம் தன் மனசில் தானாகத் தோன்றியதாம். அதையே இடுப்பிலும் கட்டியிருந்தார்.

மறுநாள் காலை அவர் வந்து இறங்கும்போது நான் கேட்டில் பேர் படித்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் கைக்கு வந்தது சரசு இருந்தபோது எழுதிய பழைய தாள். பத்துப் பேர் பதில் சொன்னார்கள். பதினொன்றாவதாக "சரசு" என்று படித்துவிட்டேன். இருபதடி தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி போன் பேசிக்கொண்டிருந்த மேடம் சட்டென்று திரும்பினார். ஒரு கை பாவாடையைத் தொடையோடு அழுத்திப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்புப் பெண்ணுக்கும் முகம் வெளுத்திருந்தது.

"மேடம் கேக்கறாங்க, இப்ப தன்னக் கூப்ட்டது யாருன்னு."

வேலூரில் ஒரு ஊசி

அடுத்த மாதம் மேடத்தின் கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. சரசுவின் மகள் செல்வி, அம்மா தறியில் அதே கட்டத்தைத்தான் நெய்கிறாள். தறியில் ஏற்றிய பாவு நூலை அறுத்துவிட வேண்டும், இனி அந்தக் கட்டத்தைத் தொடவே கூடாது என்று எழுதியிருந்தார்கள். அவளுக்கு வேறு வேலை தெரியாது. வேலூரில் ஒரு அதிகாரி முன்னால் விசாரணை. மேடமும் வந்திருந்தார். அவருடைய வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: சரசு என்று ஒருத்தி நெய்தாள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது உண்டா?

காகிதம் ஒன்றுதான் இருந்தது, எங்கள் பழைய பட்டியல். அதில் பதினொன்றாம் வரியை, மேடம் திரும்பிய அன்றைக்கே, நான்தான் அடித்திருந்தேன். செத்தவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை என்று, எழுத்து தெரியாதபடி, தாள் கிழியும்வரை. ஐந்தாவது அநியாயம் அதுதான்.

எங்கள் துணி வேண்டாம், அவர்கள் பாவாடையைக் கொடுங்கள் என்றேன். மேசையில் விரித்தார்கள். நான் பேர்களை மனப்பாடமாகச் சொல்ல, ஒரு பேருக்கு ஒரு இழையாகச் செல்வி ஊசியால் தூக்கிக்கொண்டே வந்தாள். பத்து வரை ஒற்றை. பதினொன்றில் இரண்டு இழை சேர்ந்து எழுந்தன. "அடுத்த கட்டம்" என்றார் அதிகாரி. அதிலும் இரண்டு. மூன்றாவது கட்டத்தில் பத்து முடிந்ததும் செல்வி பயந்து கையை எடுத்துவிட்டாள். ஊசி விழவில்லை. இரட்டை இழையைத் தூக்கிப் பிடித்தபடி துணியில் நட்டமாக நின்றது. வக்கீல் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மேடம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"அந்தம்மா தறில யாரும் கை வைக்கக் கூடாதுன்னு எழுதறேன். நெய்ஞ்சவங்க பேரச் சொல்லுய்யா, எல்லார் காதுலயும் விழட்டும்."

லேபிள் மறைத்து, சங்கப் பட்டியலில் நானே அடித்துப்போட்டு, திருட்டு மிஷின் மட்டும் ஒரு இழை தவறாமல் ஞாபகம் வைத்திருந்த அந்தப் பேரை, அதிகாரியும் வக்கீலும் மேடமும் சாட்சியாக எழுந்து நின்று படித்தேன்: குப்பன் மகள் சரசு.