சாம்பிராணி போட்டுப் பார்த்த பெட்டி

மண்ணை அரித்துக் கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்துவிடும். எனக்கும் அது வசதியாகப் போய்விடும்.

என் கணவர் கட்டாரில் ஒன்பது வருடம் செய்தது மண்ணடிக்கிற வேலை. காற்றின் விசையில் மணலைப் பாய்ச்சினால் துருவும் பழைய பெயின்டும் பறந்துபோய் இரும்பு புதிதாக வெளுத்து வரும். அங்கே தலை முதல் நெஞ்சு வரை மூடும் தொப்பி கொடுப்பார்களாம். அதற்குள் தனிக் குழாயில் நல்ல காற்று வருமாம். ஊருக்குத் திரும்பியபோது தொழில் அவரோடு வந்தது, தொப்பி வரவில்லை. சாய்ந்தமருதில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. உப்புக் காற்று தின்னாத இரும்பு இந்தப் பக்கம் கிடையாது. கேற், ஜன்னல் கம்பி, மோட்டார் சைக்கிள் றிம், தோணி மெஷினின் பாகங்கள் என்று சனம் கொண்டுவந்து குவித்தது. வளவில் முருங்கை மரத்தடியில் கொம்ப்ரசரை வைத்து, முகத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு அவர் அடிக்கத் தொடங்கினார்.

மண்ணுக்கு எங்கே போவது? கடற்கரையில் கிடக்கிறதே. குருத்து மண் என்போம். பெருநாளைக்கு முற்றத்தில் பரப்புவது அதைத்தான். பிள்ளைகள் புரள்வது அதில்தான். இறந்தவர்களை அடக்கிய கப்றுகளின் மேல் போடுவதும் அதுதான். அதில் கெடுதி இருக்கும் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றாது. சிப்பித் துண்டு குழாய் வாயை அடைக்கிறது என்று அவர் அலுத்துக்கொண்டார். உடனே நான் கெட்டிக்காரி கிளம்பினேன். மண்ணைக் கழுவி உப்புப் போக்கி, தகரத்தில் காயவைத்து, இடியப்ப மா அரிக்கும் அரிதட்டால் அரித்துக் கொடுத்தேன்.

"மா மாதிரி இரிக்கி புள்ள," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு வருடம் அரித்தேன்.

பிறகு இருமல் வந்தது. தூசி இருமல், போய்விடும் என்றார்கள். தேனும் கருஞ்சீரகமும் கொடுத்தேன். இஞ்சிச் சாறு கொடுத்தேன். ஒருநாள் முருங்கை மரத்தடியிலிருந்து கிணற்றடிக்கு வந்தவர், கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முப்பது எட்டுக்கூட இல்லாத தூரம். வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. நாற்பத்தாறு வயது மனிதன். அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு டொக்டர் என்ன வேலை என்று கேட்டார். இவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"மண்ணடிக்கிற வேல, டொக்டர். ஆனா கண்ட கண்ட மண் இல்ல. நல்ல கடக்கர மண். நானே கழுவி, காயவெச்சி, அரிச்சித்தான் குடுக்கிற."

டொக்டர் படத்தைக் கீழே வைத்தார். "அரிச்சா குடுத்தீங்க?"

"ஓம், மா அரிதட்டால."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காய்ந்த மணல் உடைந்து பறக்கும் கண்ணுக்குத் தெரியாத தூள்தான் நெஞ்சுக்குள் போய்க் குத்தி நிற்கும், காயவைத்துப் பொடியாக அரித்தால் அது இன்னும் மோசம் என்று மெதுவாக விளங்கப்படுத்தினார். இனி அந்த மண்ணைத் தொடவே கூடாது. வேறு துகளால், தூசி மூக்குக்குப் போகாமல் வேலை செய்ய முடிந்தால் செய்யலாம், முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அரிதட்டைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்தேன். மறுநாள் இடியப்பத்துக்கு என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தாவிடம் இரவல் வாங்க வேண்டியதாயிற்று.

"வேற என்ன வேல தெரியும் எனக்கு?" என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் தாய் கொடுப்பது பெண்ணுக்கு. கலியாணம் முடித்து வந்து குடியிருப்பது ஆண். வருடத்தில் ஒரு தடவையாவது நான் அதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை. அன்றும் சொன்னேன். "இது என்ட உம்மா தந்த வளவு, மச்சான். இதுக்குள்ள இனி ஒரு பொட்டுத் தூசி பறக்கப்படா."

"அப்ப பெட்டிக்குள்ள பூட்டித்தான் அடிக்கோணும்," என்று பகிடியாகச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"பூட்டுங்க," என்றேன்.

கட்டாரில் சின்னச் சாமான்களுக்கு அப்படிப் பெட்டி உண்டாம். ராத்தா வீட்டில் பழுதாகிக் கிடந்த பிரிஜ்ஜை வாங்கி மல்லாக்கப் படுக்க வைத்துக் கால் ஒட்டினோம். கதவு மேலே மூடியாயிற்று. மூடியில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி போட்டோம். கையை உள்ளே விட முன்பக்கம் இரண்டு துளை. உள்ளே ஒரு பல்ப். தூசியை உறிஞ்சித் தண்ணீர் வாளிக்குள் விட ஒரு பழைய வக்கியூம் கிளீனர். கடல் மண்ணுக்குப் பதிலாகக் கொழும்பிலிருந்து செந்நிறக் கல்துகள் ஒரு மூட்டை வந்தது. பார்க்க வந்த ராத்தா, "இதென்னகா, சந்தூக்கு மாதிரிக் கிடக்கு?" என்றாள். மையித்துத் தூக்கும் பெட்டியைச் சொல்கிறாள்.

"மண்ணறை, மச்சி," என்றார் இவர். மண் இருக்கிற அறை என்ற பகிடி. எங்களுக்கு மண்ணறை என்றால் கப்று.

"வாயக் கழுவுங்க!" என்று நான் கத்திய கத்தலில் ராத்தா தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டாள்.

கையுறை என் வேலை. தடித்த றப்பர் கையுறைதான், ஆனால் அவருடைய விரலுக்கு அது தொளதொளத்தது. ஒவ்வொரு விரலையும் அளந்து வெட்டி ஒட்டினேன். தோள் வரைக்கும் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குப் போடும் றெக்சினில் கை தைத்துப் பொருத்தினேன். அளவு நாடாவோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். கலியாணமான புதிதில்கூட அவ்வளவு நேரம் பிடித்ததில்லை. "கெதியா அளங்க, தையல்காரம்மா," என்றார்.

பெட்டி ஓட்டையில்லாமல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? தூள் கண்ணுக்குத் தெரியாது என்றல்லவா டொக்டர் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம், வீட்டுக்குப் புகை காட்டிய சாம்பிராணிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வழி தெரிந்தது. சட்டியை அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் மூடி திரும்பும் பிணைச்சலடியால் புகை வந்தது. கண்ணாடி ஓரத்தால் வந்தது. கைத்துளையைச் சுற்றி வந்தது. புகை வந்த இடமெல்லாம் தையல் சோக்கால் வட்டம் போட்டேன். பதினொரு வட்டம். யா அல்லாஹ், இத்தனை வாய் இருந்தால் இந்த மனிதன் எப்படிப் பிழைப்பார் என்று நினைத்து, பெட்டிக்கு முன்னாலேயே நிலத்தில் குந்தி அழுதேன்.

சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். சிலிக்கன் பூசினோம். அடுத்த வெள்ளி நான்கு வட்டம்.

இதற்குள் வேறு கோளாறு. உள்ளே பறக்கும் துகள் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து மூன்று நாளில் மங்கலாக்கிவிடும். உள்ளே கை இருக்கும், கண் தெரியாது. ஒரு பின்னேரம் குசினியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், மனிதன் மூடியைத் தூக்கிக் கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டுக் குனிந்து அடித்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் சால்வைகூட இல்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தினேன்.

"ஒரு நிமிசம்தான் புள்ள. தெரியுதில்ல."

"எனக்குத் தெரியுது! நீங்க மௌத்தாப் போறது எனக்கு நல்லாத் தெரியுது!"

சாவைச் சொல்லிவிட்டேன், சொல்லக் கூடாத சொல். ராத்தாவின் முன்னால் அவருக்கு வாய் கழுவச் சொன்னவள் நான். அவர் மூடியை இறக்கிவிட்டு, கொம்ப்ரசரின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அதன்பிறகு கண்ணாடிக்கு உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி, மங்க மங்க நானே உரித்து மாற்றினேன்.

மூன்றாம் வெள்ளி சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். நெருப்பு நன்றாகக் கனன்றது. மூடிவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிணைச்சலில் இல்லை. கண்ணாடியில் இல்லை. கைத்துளையில் மூக்கை வைத்துப் பார்த்தேன், வாசம்கூட இல்லை. கண்ணாடிக்குள் புகை திரண்டு வெள்ளையாக நின்றது. வாசலுக்கு ஓடினேன், அவர் வந்ததும் சொல்ல.

பள்ளிவாசல் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை, நடந்து வரும் தூரம். ஜும்ஆ முடிந்தால் நான் சோறு போடுமுன் வந்து நிற்பார். அன்று ஓட்டோவில் வந்து இறங்கினார். ஓட்டோக்காரர் கையைப் பிடித்துத் திண்டாடி இறக்கினார். தொழுததும் கதிரையில் உட்கார்ந்துதானாம். நான், "மச்சான், ஒரு ஓட்டையும் இல்ல," என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நல்லம்" என்று சொல்ல மூச்சுப் போதவில்லை.

திரும்பவும் டொக்டர், திரும்பவும் படம். இந்தத் தடவையும் நானே முந்தினேன். "இப்ப அந்த மண் இல்ல, டொக்டர். பெட்டியால புககூட வெளிய வராது."

"நல்ல வேல செஞ்சிரிக்கிறீங்க," என்றார் அவர். பிறகு படத்தில் ஓர் இடத்தை விரலால் காட்டினார். "ஆனா முந்தி உள்ள போனது இனி வெளிய வராதும்மா. மண்ணடிக்கிறத விட்டாலும் அது தன்ட வேலயச் செஞ்சிக்கிட்டே இரிக்கும்." இனிமேல் வேலையே வேண்டாம் என்றார். பெட்டியும் வேண்டாமாம்.

இப்போது மண்ணடிப்பது நான். முருங்கை மரத்தடியிலிருந்து தூரத்தில், விறாந்தையில், கதிரையில் அவர் இருப்பார். குழாயை எவ்வளவு சரிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கையால் காட்டுவார். நான் முகக் கவசம் போட்டு, பெட்டிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் உள்ளே விடுவேன். கையுறையின் விரல்நுனிகள் என் விரலுக்கு அப்பால் வெறுமையாக மடங்கும். ஒரு றிம்மைப் பிடிக்கக்கூடச் சரியாக வராது. குழாய் நழுவி விழும்.

"உன்ட கைக்கு அளவா வெட்டித் தைச்சிரு புள்ள," என்றார் முந்தாநாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்றுதான் சொன்னார்.

"ஓம், தைக்கிறன்," என்றேன்.

வெட்டினால் அவருடைய கை இனி உள்ளே வராது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கத்தரிக்கோலும் சோக்கும் தையல் மெஷின் மேலேயே இருக்கின்றன. இன்றும் தொளதொளத்த கையுறையோடுதான் ஒரு றிம்மை அடித்து முடித்தேன்.