துள்ளாத பெரிய பந்து

மகனுக்கு வாங்கிய றப்பர் பந்தை மூக்கருகே கொண்டுபோனதும், அந்தப் புது வாசத்துக்குள் எங்கிருந்தோ கருவாட்டு மணமும் கலந்து வர, நான் மறுபடியும் விடத்தல்தீவுக் கடற்கரையில், கருவாடு போடும் எங்கள் வாடிக் கொட்டிலுக்குள் நின்றேன்.

ஊரெல்லாம் மணல், விழுந்த பந்தை மணல் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மீன் கழுவவென்று அப்பா போட்ட சீமெந்துத் தரையில் மட்டும்தான் பந்து எழும்பும் என்பதால், புதிதாய் விஞ்ஞானம் படிப்பிக்கப் போயிருந்த அக்கா, மறுநாள் பாடத்தை அங்கே வைத்து எனக்குப் படிப்பித்துப் பார்ப்பாள். ஓலைக் கிடுகுக் கூரையின் ஓட்டைகளால் இறங்கிய வெயில் வட்டங்களுக்கு நடுவே, உப்பு நரநரக்கும் தரையில், பந்துகள் மோதி விலகி மறுபடி மோதிக்கொண்டேயிருக்கும்.

ஒரு பின்னேரம், பெரிய பந்தின் மேல் சின்னப் பந்தை வைத்து இரண்டையும் ஒன்றாக விழவிட்டாள். சின்னது விர்ரென்று கிளம்பிக் கூரை ஓட்டையால் கடற்பக்கம் போய்விட்டது. பெரியது துள்ளாமல் தரையிலேயே கிடந்தது.

"பெரிசுக்கு என்னக்கா நடந்தது?"

"ஒண்டுமில்லையடி. மோதேக்கை தன்ரை துள்ளலைச் சின்னதுக்குக் குடுத்திட்டுது."

பிறகு யுத்தம் வந்தது. இந்தியாவுக்குப் போகும் வள்ளத்தில் அக்காவுக்கென்று பிடித்திருந்த ஒரேயொரு இடத்தில் அவள் என்னைத் தூக்கி இருத்தினாள்.

"நீங்களும் வாங்கோவன் அக்கா."

"நான் நிக்கிறன். நீ போ."

வள்ளம் வெகுதூரம் வந்த பிறகும், அவள் மணலில் அசையாமல் நின்றாள்.