அடையாற்றங்கரையிலிருந்து ஓர் அடிக்குறிப்பு

மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாகக் கீழ்வீட்டு அம்மா குரல் கொடுத்தார். பேசியது விசாலாட்சியின் தங்கை. "அக்கா போயிட்டாங்க" என்றார்.

எங்கள் கல்லூரியின் அரசியல் துறையில் அவரோடு பணியாற்றிய உங்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. தி. நகரில் ஜவுளிக்கடை நடத்திய திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். படித்தது போதும், கடையைப் பார் என்ற தந்தையிடம், "ஞாயித்துக்கிழமை உங்களுக்குப்பா, மிச்ச நாளெல்லாம் எனக்கு" என்று பேரம் முடித்தவர்.

கணவன் சொல்லும் சின்னத்துக்கே மனைவி வாக்களிக்கிறாள் என்பதுதான் அறுபதுகளின் கடைசியில் ஆய்விதழ்கள் எல்லாம் ஒப்புக்கொண்டிருந்த முடிவு. விசாலாட்சி அடையாற்றங்கரைக் குடிசைகளுக்கே போய்க் கேட்டார். நானும் உடன் போயிருந்தேன். மீன் விற்கும் முனியம்மா சிரித்தார். "இன்னாம்மா நீ! அந்தாளு சொல்லிக்கினே இருப்பான், நானும் தலையாட்டிக்கினே இருப்பேன். உள்ள போனா என் கை, என் குத்து."

இப்படிக் கேட்டதையெல்லாம் வைத்து விசாலாட்சி எழுதிய கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. இது உள்ளூர் விஷயம், யாரும் மேற்கோள் காட்டப்போவதில்லை என்று எழுதினார் அதன் ஆசிரியர். "காட்டமாட்டாங்களா? பாத்துடலாம்" என்றார் விசாலாட்சி. எங்கள் கல்லூரியின் சிறிய இதழில் வெளியிட்டு, தெரிந்த பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பிரதிகளைத் தாமே அனுப்பினார். நெடுநாள் சத்தமே இல்லை. பிறகு ஓர் அயல்நாட்டு இதழின் அடிக்குறிப்பில் அவர் பெயர் வந்தது. அதைப் பார்த்து இன்னொன்றில், அப்புறம் வேறொன்றில்.

எழுபதுகளின் நடுவில் அடையாறில் ஒரு கருத்தரங்கு. தலைமை, கட்டுரையைத் திருப்பி அனுப்பிய அதே இதழாசிரியர். பெண் வாக்காளர் பற்றிய ஆய்வின் திசையையே ஒரு சென்னைக் கட்டுரை மாற்றிவிட்டது, இன்று அதை மேற்கோள் காட்டாமல் யாரும் எழுதுவதில்லை என்றார் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர். அதிலிருந்து ஒரு வரியைப் பக்க எண்ணோடு எடுத்துச் சொன்னவர், எழுதியவரை ஆண் என்றே நினைத்துப் பேசினார். கடைசி வரிசையிலிருந்து விசாலாட்சி எழுந்தார்.

"அந்த ஆண் நான்தான்."

அரங்கமே எழுந்து கைதட்டியது. தலைவரும்தான். சத்தம் அடங்கும்வரை நின்ற விசாலாட்சி, அந்தப் பேராசிரியரிடம், "நன்றி. பக்க எண்ணைத் தவறாகச் சொன்னீர்கள், திருத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

விருந்துக்குக்கூட நிற்காமல் என்னை இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். "முனியம்மா, நீ சொன்னது சீமை வரைக்கும் போயிடுச்சு!"

"அப்டியா? அங்க கீற பொம்பளைங்களும் இப்டித்தானாமா?"

கூடையைக் கீழே வைத்துவிட்டு முனியம்மா அவர் தோளில் ஓங்கித் தட்டினார். "நாம ஜெயிச்சிட்டோம்" என்றார் விசாலாட்சி, எங்கள் இருவரையும் பார்த்து.

பாராட்டுகள் பின்னால் பல வந்தன, அவை அவருடையவை. அந்த 'நாம' மட்டும் எனக்கும் சேர்த்துச் சொன்னது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.